பாதிக் காற்று

நேற்றுச் சாயங்காலத்திலிருந்து என் கையில் வேப்பமர வாடை. சோப்புப் போட்டுக் கழுவினேன், புளி வைத்துத் தேய்த்தேன், போகவில்லை. இது இலையின் வாசனை இல்லை, உனக்குத் தெரியும். நின்ற மரம் நடுவில் முறிந்தால் உள்ளே இருந்து பச்சையும் கசப்புமாக ஒன்று வருமே, அது. காலையில் காபி டம்ளரை வாயருகே கொண்டுபோனேன். காபிக்கு முன்னால் அந்த வாடைதான் வந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எந்த விலாசத்துக்கு என்று கேட்டு என்னை மடக்காதே. நீ இருந்தபோதே உனக்கு நான் கடிதம் எழுதியதில்லை. எதிர் வீட்டுக்காரிக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா? கதவைத் தட்டினால் போதும், கரண்டியோடு வந்து நிற்பாய்.

நேற்று இங்கே ஆந்தி வந்தது. டெல்லிக்காரர்கள் எல்லாரும் ஆந்தி என்று சொல்லும் இந்தப் புழுதிக் காற்றை நீ ஒரு நாளும் அந்தப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. உனக்கு அது புயல்தான். மேற்கே வானம் செங்கல் பொடி நிறத்துக்கு மாறியது. மாலை வெயில் இருந்த இடம் தெரியாமல் போய், வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. போட்ட விளக்கும் உடனே அணைந்தது. இந்த முனிர்கா ஃபிளாட்டின் ஜன்னல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டன. மொட்டை மாடியில் யார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மூடியோ பறந்து போய் எங்கோ விழுந்தது. நானும் என் வீட்டுக்காரரும் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் உட்கார்ந்துகொண்டோம். அப்போது கீழே அந்தச் சத்தம் கேட்டது. முதலில் ஒரு முறிவு, அப்புறம் இலைகளோடு ஏதோ பெரிதாகச் சாய்கிற இரைச்சல். அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் காற்று நின்றுவிட்டது.

படிக்கட்டில் கதவுகள் திறந்தன. செருப்புச் சத்தம், பேச்சு, யாரோ சிரிக்கும் சத்தம்கூடக் கேட்டது. எல்லாரும் இறங்கிப் போனார்கள். எனக்கு மட்டும் கால் எழவில்லை. கிழக்குப் பக்கத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றேன்.

"ஏம்புள்ள, காத்துதான் நின்னு போச்சல்லோ. இன்னும் என்னத்தப் பாத்துட்டு நிக்கறே?" என்றார் என் வீட்டுக்காரர்.

நின்று போனதுதான் பயமாக இருக்கிறது என்று அந்த மனுஷரிடம் எப்படிச் சொல்வது? அந்தப் பயம் என்னுடையதே இல்லை. நீ கொடுத்துவிட்டுப் போனது.

கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் மாடியில் நமக்கு எதிரெதிர் வீடு. ஒரே அலுவலகம், ஒரே சார்ட்டர்டு பஸ். நான் கோயமுத்தூர்ப் பக்கம், நீ வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கடலோரம். என் பேச்சை நீ கேலி செய்வாய், உன் மீன் குழம்பின் காரத்தை நான் கேலி செய்வேன், கேலி செய்துகொண்டே இரண்டு கரண்டி கேட்டு வாங்குவேன். "கோயமுத்தூர்க்காரிக்குக் காத்துன்னா மில்லுல சுத்துற ஃபேன் காத்துதான் தெரியும்" என்பாய். உண்மைதான். எங்கள் ஊரில் காற்று என்பது பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து சேலைத் தலைப்பைப் பறக்க விடும் சமாச்சாரம். அதற்குப் பயப்பட வேண்டும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

டெல்லியில் ஒவ்வொரு வெயில் காலத்திலும் ஆந்தி வரும். வந்த வேகத்தில் போய்விடும். அடிக்கும்போது எல்லாரும் உள்ளே இருப்பார்கள், நின்றதும் வெளியே வருவார்கள். நீ மட்டும் நின்ற பிறகுதான் தாழ்ப்பாள் போடுவாய். நடுவில் நான் வந்து கதவைத் தட்டினால் உள்ளே இருந்தபடியே, "போவாதடி, வூட்டுக்குள்ள போ, இன்னும் பாதி பாக்கி இருக்கு" என்று கத்துவாய். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் உனக்கு தூஃபான் ஆன்ட்டி, புயல் மாமி, என்று பெயர் வைத்திருந்தார்கள். உனக்கே அது தெரியும்.

காரணத்தை ஒரு நாள் பஸ்ஸில் சொன்னாய். நானாகக் கேட்கவில்லை. வெளியே யாரோ ரோட்டில் விழுந்த கிளையை இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் நீயாகச் சொன்னாய்.

"எங்க ஊர்ல காத்து நின்னா யாரும் கதவத் தொறக்க மாட்டாங்க. வடக்கேருந்து அடிச்சிக்கிட்டே இருக்கும். திடீர்னு நிக்கும். வானம் வெளுத்துரும். காக்கா கூடக் கத்தும். அதுதான் புயலோட கண்ணு. கண்ணு தாண்டுனதும் தெக்கேருந்து திரும்பி வரும் பாரு, அது முன்னத்தவிட மோசம்."

நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது வந்த புயலில், காற்று அப்படி நின்ற நேரத்தில், அடுத்த வீட்டுக் கூரைமேல் பூவரச மரம் விழுந்து கிடந்தது. உள்ளே ஆட்கள் இருந்தார்கள். உன் அண்ணன் அரிவாளை எடுத்துக்கொண்டு போனார். உன் அம்மா வேண்டாம் என்று கத்தியிருக்கிறார். "அடுத்த வூடுதானே" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவர் கிளையை வெட்டிக்கொண்டிருந்தபோது தெற்கிலிருந்து காற்று திரும்பியது. தண்ணீர் வடிந்த பிறகுதான் அவரைத் தேட முடிந்தது என்றாய். சொல்லி முடித்துவிட்டு, "இன்னிக்கு உங்க வூட்ல என்ன கொழம்பு?" என்று கேட்டாய்.

அதற்குப் பிறகு ஒரு நாள் நான் உனக்குப் புவியியல் பாடம் எடுத்தேன். இங்கே கடல் கிடையாது, இது வேறு மாதிரிக் காற்று, இதற்குக் கண் இல்லை, போனால் போனதுதான் என்று. நீ பொறுமையாகக் கேட்டாய். "எல்லாம் சரிதான். காத்து உங்கிட்ட வந்து சொல்லிச்சா?" என்றாய். கடலோரத்துச் சட்டத்தைக் கடலே இல்லாத ஊருக்குக் கொண்டுவந்து, பெட்டி படுக்கையோடு சேர்த்து வைத்திருந்தாய்.

அந்தச் சனிக்கிழமையை நான் மறக்கவில்லை. ஆபீஸ் கிடையாது. இரண்டு பேரும் உன் வீட்டு வாசலில் உட்கார்ந்து மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். கீழே காம்பவுண்டு சுவரை ஒட்டி இருந்த பெரிய வேப்ப மரத்தடியில் கமலேஷ் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். குவார்ட்டர்ஸ் முழுவதற்கும் அவள்தான் இஸ்திரி. கல் பலகை போட்ட மேஜை, தலைக்குமேல் ஒரு தகரம், கரி போட்ட பெரிய பெட்டி. நாம் வந்த காலத்திலிருந்து அவளும் அந்த மரமும் அங்கேதான்.

மாங்காய்க்கு உப்புப் போடுவதற்குள் வானம் இருண்டது. ரிட்ஜ் காடு இருக்கும் மேற்குப் பக்கத்திலிருந்து காற்று வந்தது. அப்படி ஒரு காற்றை டெல்லியில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. புழுதி அடித்து, புழுதியோடு மழை அடித்து, மழையோடு ஆலங்கட்டி விழுந்தது. வீட்டுக்குள் இருந்தும் பேச முடியவில்லை. மரம் விழுந்தபோது தரை அதிர்ந்தது. என் வீட்டுக்காரர், "போச்சு, நம்ம ஸ்கூட்டர் போச்சு" என்றார். அந்த நேரத்தில் அவருக்கு அந்தக் கவலை.

அப்புறம் நின்றது. பிள்ளைகள் எவர்சில்வர் தட்டோடு ஓடிவந்து ஆலங்கட்டி பொறுக்கினார்கள். ஆண்கள் அவரவர் வண்டியைப் பார்க்கப் போனார்கள். நீ படிக்கட்டுத் திருப்பத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உனக்குத் தெரிந்த ஹிந்தியில், "அந்தர் ஜாவோ, சப் லோக் அந்தர் ஜாவோ, ஃபிர் ஆயேகா" என்று எல்லாரையும் உள்ளே போகச் சொல்லிக் கத்தினாய். திரும்பி வரும் என்று நீ சொன்னதைக் கேட்டு, "கதம் ஹோ கயா, ஆன்ட்டிஜி" என்று யாரோ கீழே இருந்து சிரித்தார்கள். முடிந்துபோயிற்றாம்.

என் வீட்டுக்காரரும் சிரித்தார். "ஏனுங்க அம்மிணி, கடலு எங்க கெடக்குது, நாம எங்க கெடக்கறோம்?"

"சிரிங்கண்ணே. வேண்டாங்கல. உள்ள நின்னு சிரிங்க" என்றாய்.

அப்போது நீதான் கேட்டாய், "கமலேஷ் எங்கடி?" என்று.

வானம் கறுத்ததுமே அவள் வீட்டுக்குப் போயிருப்பாள் என்றேன். மற்றவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். நீ மூக்கை உயர்த்தி மோந்து பார்த்தாய். "துணி கருகுற வாடை வருது. பெட்டி அங்க கெடக்குன்னா அவளும் அங்கதான் கெடப்பா. ஊரான் துணிய விட்டுட்டு அவ போக மாட்டா."

நீ சொன்ன பிறகுதான் எனக்கும் அந்த வாடை வந்தது. முறிந்த வேம்பும் கருகும் பருத்தியும் கலந்த வாடை. விழுந்து கிடந்த இலைக் குவியலுக்குள்ளே இருந்து மெல்லிசாகப் புகை வந்தது.

எல்லாரும் மரத்தை நோக்கி ஓடினார்கள், நானும்தான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மரம் காம்பவுண்டு சுவர்மேல் சாய்ந்து, அந்தக் கல் மேஜைமேல் படிந்து, பாதி தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இருட்டாக ஒரு பொந்து. உள்ளே இருந்து கமலேஷின் முனகல் கேட்டது. இரண்டு பேர் ஒரு கிளையைத் தூக்கிப் பார்த்தார்கள். மரம் முழுவதும் ஒரு தரம் கிறீச்சிட்டு இறங்கியது. எல்லாரும் பின்னால் நகர்ந்தோம். தீயணைப்பு வண்டிக்கு போன் செய்தார்கள், வழியெல்லாம் மரம் விழுந்து கிடக்கிறது, நேரம் ஆகும் என்றார்கள். வாளியில் தண்ணீர் வந்தது, ஆனால் எங்கே ஊற்றுவது? கரி எங்கே கிடக்கிறது, அவள் எங்கே கிடக்கிறாள் என்று வெளியிலிருந்து தெரியவில்லை. சுவரை ஒட்டி ஓர் ஆள் ஊர்ந்து போகிற அளவுக்கு இடம் இருந்தது. ஒல்லியான ஆளாக இருக்க வேண்டும்.

நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ இன்னும் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேற்கே இருந்து வந்த காற்று திரும்பி வர வேண்டிய கிழக்கைப் பார்த்தபடி நின்றாய். மனித முகத்தில் அத்தனை பயத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. பிறகு நீ மெதுவாகத் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாய். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய் என்றுதான் நினைத்தேன். உன்மேல் கோபம்கூட வரவில்லை.

நீ கயிற்றோடு வந்தாய். ஊரிலிருந்து முதன்முதலில் ரயிலேறியபோது உன் படுக்கையைச் சுற்றிக் கட்டி வந்த தேங்காய் நார்க் கயிறு. எப்போதும் உன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். துணி காயப்போட வைத்திருக்கிறாய் என்று இருந்தேன். புடவையை இழுத்துச் செருகி, ஒரு முனையை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு, மறு முனையை என்னிடம் நீட்டினாய்.

"நானா? ஆம்பளைங்க இத்தனை பேர் நிக்கறாங்கல்ல?"

"அவங்களுக்கெல்லாம் காத்து போயிருச்சுடி. உனக்குத்தான் கொஞ்சமாச்சும் சந்தேகம் இருக்கு. நீ புடி."

பிறகு என் தாடையைப் பிடித்து என் முகத்தைக் கிழக்கே திருப்பினாய். உன் விரல் சில்லென்று இருந்தது. "என்னப் பாக்காத. அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இரு. எல அசைஞ்சா இழு. நான் இரு இருன்னு கத்துனாலும் கேக்காத, இழு."

இலைக்குள் உன் தலை போயிற்று, முதுகு போயிற்று, கால் போயிற்று. கயிறு மட்டும் என் கையில் நகர்ந்துகொண்டிருந்தது.

காற்றுக்குத் திரும்பி வரும் வழக்கம் இந்த ஊரில் இல்லை என்று எனக்குத் தெரியும். உனக்கே பாடம் எடுத்தவள். ஆனால் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கனாட் பிளேஸ் பக்கத்து வானத்தைப் பார்த்து நின்றபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வானம் வெளுத்திருந்தது. காக்கை கத்தியது. நீ பஸ்ஸில் சொன்ன மாதிரியே எல்லாம் இருந்தது. உள்ளே நீ இருமுவது கேட்டது, கமலேஷிடம் ஏதோ பேசுவது கேட்டது, புகை கூடிக்கொண்டே வந்தது. கயிறு நகர்வது நின்றுவிட்டது. அதன் பிறகு அது லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. அது உன் நடுக்கமா, என் நடுக்கமா என்று தெரியவில்லை.

அப்போது எதிர்ப்பக்கத்து நாவல் மரத்தில் இலை அசைந்தது.

கிழக்கிலிருந்து என் முகத்தில் குளிர்ந்த காற்று பட்டது. நான் யோசிக்கவே இல்லை. வந்துவிட்டது என்று கத்திக்கொண்டு இழுத்தேன். உள்ளே இருந்து நீ, "இருடி, இரு" என்று கத்தினாய். நான் கேட்கவில்லை. இரண்டு காலையும் மண்ணில் ஊன்றி, வாழ்க்கையில் எதையும் இழுக்காத வேகத்தில் இழுத்தேன். பின்னால் யார் யாரோ வந்து கயிற்றைப் பிடித்தார்கள். கயிறு ஓரிடத்தில் சிக்கி நின்றது, அப்புறம் சட்டென்று இளகியது. முதலில் உன் கால் வந்தது. பிறகு நீ வந்தாய், குப்புற, முகமெல்லாம் மண்ணும் சிராய்ப்புமாக. உன் இரண்டு கையும் கமலேஷின் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தன. அவளும் கூடவே வந்தாள்.

அவள் கால் மேஜைக்கு அடியில் மாட்டியிருந்ததாம். நீ இழுத்துப் பார்த்தாய், உன் பலத்துக்கு வரவில்லை. மெதுவாகக் கல்லை நகர்த்தலாம் என்றுதான் என்னை இருக்கச் சொல்லியிருக்கிறாய். நான் இழுத்த இழுப்பில் கால் விடுபட்டது, எலும்பு முறிந்திருந்தாலும். ஆட்கள் அந்தப் பொந்துக்குள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். கமலேஷை ஒருவர் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். காலில் கட்டு, கையில் சூட்டுக் காயம், ஆனால் பிழைத்துக்கொண்டாள். மழைக்காலம் முடிவதற்குள் அடுத்த மரத்தடியில் மேஜை போட்டுவிட்டாள்.

அந்தக் காற்றா? ஒன்றுமில்லை. ஆந்தி போன பிறகு எப்போதும் வரும் ஈரக்காற்று. நாவல் இலையை நாலு ஆட்டு ஆட்டிவிட்டுப் போய்விட்டது. வராத புயலுக்குப் பயந்துதான் நான் இழுத்தேன்.

நீ நன்றி கேட்கவும் நிற்கவில்லை, சொல்லவும் நிற்கவில்லை. எல்லாரையும் பார்த்து மறுபடி உள்ளே போகச் சொல்லிக் கத்திவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிக்கு வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டாய். பாதி நறுக்கிய மாங்காய்க்கு நடுவில் உட்கார்ந்தோம். கரண்ட் வரும்வரை நீ நடுங்கிக்கொண்டிருந்தாய். இடுப்புக் கயிற்றை அவிழ்க்கக்கூட இல்லை.

"எங்க அண்ணன் போனப்ப யாரு கையிலயும் கயிறு இல்லடி" என்றாய். "நான் வாசப்படியிலதான் நின்னேன். எங்கிட்ட குடுத்திருந்தா புடிச்சிருப்பேன்."

பிற்பாடு குவார்ட்டர்ஸில் எல்லாரும் உன் தைரியத்தைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு எரிச்சலாக வரும். அவர்களுக்கு என்ன தெரியும்? அவர்கள் எல்லாரும் முடிந்துபோன காற்றில் நின்றவர்கள். அந்த முற்றத்தில் புயலின் நடுவே நின்றது நீ ஒருத்திதான். வரும், கட்டாயம் வரும் என்று நம்பிக்கொண்டே அந்தப் பொந்துக்குள் போனாய். உன் கணக்கு தப்பு. தப்பான கணக்கை வைத்துக்கொண்டு போனாயே, அதைத்தான் என்னால் இன்றுவரை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மரத்தை அறுக்க எல்லாரும் கூடியபோது நீயும் அரிவாளோடு வந்தாய். கிளையைக் கழித்தாய், சுள்ளியை அடுக்கினாய், ஆட்களை அதட்டினாய், மத்தியானம் குக்கர் குக்கராகப் புளியஞ்சாதம் கிளறி முற்றத்துக்குக் கொண்டுவந்தாய். பஞ்சாபிக்காரர்கள் கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டார்கள். "காரம் கம்மியாத்தான் போட்டேன்" என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டாய். அதற்கப்புறம் ஆந்தி வந்து நின்றால் குவார்ட்டர்ஸில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் யாராவது ஒருவர், "பாஹர் கௌன் ஹை?" என்று கேட்பார்கள், வெளியே யார் இருக்கிறார்கள் என்று. தூஃபான் ஆன்ட்டி என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

நாம் ஓய்வு பெற்றோம். குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். நான் இங்கே முனிர்கா வந்தேன், நீ மகன் வீட்டுக்குப் போனாய். மாதத்தில் ஒரு நாள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் சந்திப்போம். கருவாடு வாங்க நீ, முருங்கைக்காய் வாங்க நான். கருவாட்டுக் கடையில் நீ பேரம் பேசும்போது நான் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்பேன்.

பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது. அந்த ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். ஒன்று மட்டும். ஒரு நாள் நான் வந்தபோது காய்ச்சல் இறங்கியிருந்தது. நீ சாய்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாய். டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார், உன் மகன் இனிப்பு வாங்கி நர்ஸுகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். எனக்கும் சந்தோஷம். நீ என்னைப் பக்கத்தில் வரச் சொல்லி, காதோடு, "இது கண்ணுடி" என்றாய். "திரும்பி வரும். அவங்கிட்ட சொல்லாத, கொழந்த பயந்துக்குவான்."

நான் உன்னைத் திட்டினேன். வாயை மூடு புள்ள என்றேன். அந்த வாரமே திரும்பி வந்தது. இந்த ஊருக்கு நீ வந்த நாளிலிருந்து ஒரே ஒரு தடவைதான் உன் கணக்கு சரியாக இருந்தது.

எல்லாம் முடிந்த பிறகு உன் மகன், "ஆன்ட்டி, அம்மா ஞாபகமா ஏதாவது எடுத்துக்கோங்க. சாரி, சில்வர், ஜோ பீ சாஹியே" என்றான், எது வேண்டுமானாலும் என்று. அந்தக் கயிற்றைக் கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. "யே ரஸ்ஸியா? பழசு ஆன்ட்டி, பிஞ்சு போயிருக்கு." பரவாயில்லை கொடு என்றேன். பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்தான். அதை என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் அதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை.

நேற்று என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். விழுந்தது இங்கேயும் ஒரு வேப்ப மரம்தான். தரைத்தள வீட்டு பிம்லாஜியின் வராந்தாவை அப்படியே மூடிக்கொண்டு கிடந்தது. தனியாக இருக்கும் வயசான பஞ்சாபி அம்மாள். கொடியில் துணி எடுக்க வராந்தாவுக்கு வந்தவர், மரம் விழுந்ததும் மூலையில் ஒடுங்கிக்கொண்டார். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் வெளியே வர மாட்டேன் என்கிறார். ரம்பத்தோடு வந்தவர்கள், அவர் உள்ளே இருக்கும்போது எப்படி அறுப்பது என்று நின்றார்கள். "ஆயியே, ஆன்ட்டிஜி, டரியே மத், அப் குச் நஹீ ஹை" என்று ஆளாளுக்கு அழைத்தார்கள். பயப்படாதீர்கள், இனி ஒன்றும் இல்லை என்று. மேலே ஜன்னலில் நின்ற எனக்கு அது கேட்டது. இனி ஒன்றும் இல்லை என்று யார் சொன்னது?

கயிற்றை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். நான் உன்னைப்போல ஒல்லியில்லை, கயிறு ஒரு சுற்றுக் கூடுதலாகச் செலவாயிற்று. மறு முனையோடு என் வீட்டுக்காரர் எதிரே போய் நின்றேன். சிரிப்பார், அல்லது இந்த வயசில் இது என்ன கூத்து என்பார் என்று நினைத்தேன். அவர் முனையை வாங்கிக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"எந்தப் பக்கம் பாக்கோணும்?" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "கிழக்கே" என்றேன்.

கிளைகளுக்குள் ஊர்ந்து போனபோதுதான் தெரிந்தது, நீ எப்படிப்பட்ட இடத்துக்குள் போனாய் என்று. முகத்துக்கு நேரே முறிந்த மரத்தின் சிவந்த உட்புறம். அதன் வாடை தொண்டைக்குள் இறங்கியது. தலைக்குமேல் ஏதோ கிறீச்சிட்டது. அங்கேயே நின்றுவிட்டேன். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. காற்று திரும்பப் போகிறது, இதோ வரப் போகிறது என்று மட்டும்தான் மனசில். அப்போது இடுப்பில் கயிறு லேசாக இழுபட்டது. இழுத்து வெளியே எடுக்கிற இழுப்பு இல்லை. இருக்கிறேன் என்கிற மாதிரி. பயம் போகவில்லை. பயத்தோடேயே நகர்ந்தேன்.

பிம்லாஜி மூலையில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பயப்படாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. "முஜே பீ டர் லக் ரஹா ஹை" என்றேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் கையை நீட்டினார். கயிற்றில் இன்னொரு சுற்றை அவர் தோளோடு போட்டுப் பிடித்துக்கொண்டு, இரண்டு கிழவிகளும் தவழ்ந்து தவழ்ந்து வெளியே வந்தோம்.

எல்லாரும் கைதட்டினார்கள். யாரோ பிம்லாஜிக்கு டீ கொண்டுவர ஓடினார்கள். ரம்பம் இறங்கியது, வேப்பந்தூள் பறந்தது. அறுத்த கிளைகளை நானும் இழுத்து ஓரத்தில் போட்டேன், இடுப்பில் கயிறு இருக்கும்போதே. பிறகுதான் கவனித்தேன், மறு முனை இன்னும் இறுக்கமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஒருவர் அவர் தோளைத் தட்டி, முடிந்துவிட்டது அங்கிள், விட்டுவிடுங்கள் என்று சிரித்தார். நானும் கிட்டே போய், "விடுங்க, போதும்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மெஹ்ரௌலிக்கு அந்தப் பக்கம், கிழக்கு எது என்று அவருக்குத் தோன்றிய திசையில், வெளுத்த வானத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"இரு புள்ள. இன்னுங் கொஞ்ச நேரம் பாத்துட்டு விடறேன்."

அது கிழக்கு இல்லை, தெற்கு. நான் திருத்தவில்லை. கயிற்றையும் அவிழ்க்கவில்லை. உன் ஊரில் அது தெற்கிலிருந்துதானே வரும்.